சண்டே ஸ்கூல் பிள்ளைங்க போடுற பத்து ரூபா மிஷனரிக்கு எப்படிப் போய்ச் சேருது, அதை அவங்களுக்கு எப்படிச் சொல்றது?

நீங்க கேட்டது இதுதானே சிஸ்டர். சண்டே ஸ்கூல்ல மிஷனரி காணிக்கை எடுக்கிறப்ப ஏழு வயசுப் பையன் "இந்தக் காசு இயேசப்பா கிட்ட எப்படி டீச்சர் போகும்"னு கேட்டான், பதினொரு வயசுப் பொண்ணு "நம்ம ஊர்லயே ஏழைங்க இருக்காங்களே, எதுக்கு அவ்ளோ தூரம் அனுப்பணும்"னு கேட்டா, ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதுன்னு. ரெண்டுமே நல்ல கேள்வி. ரொம்ப வருஷம் சண்டே ஸ்கூலும் எடுத்து, சேகரத்துல, அதாவது ஒரு போதகருக்குக் கீழ உள்ள சபைகளோட கூட்டத்துல, கணக்கு எழுதற பக்கமும் உட்கார்ந்தவன்ங்கிற முறையில எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல அந்தப் பையனோட கேள்வி. "இயேசப்பாவுக்குப் போடு கண்ணு"ன்னு மட்டும் சொல்லி பையை நீட்டினா சின்னப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கும், யாரோ வந்து மேல கொண்டுபோறாங்கன்னு நினைக்கும். அதே பிள்ளை ஒன்பது பத்து வயசுல பை வெஸ்ட்ரிக்குள்ள, அதாவது போதகர் ஐயாவோட அறைக்குள்ள, போறதைக் கவனிக்கும், அப்ப "ஐயாதான் எடுத்துக்கிறாரு"ன்னு தானா ஒரு முடிவுக்கு வந்துடும். நடுவுல உள்ள வழியை யாரும் அதுக்குச் சொல்லலை, அதனாலதான். என்னைக் கேட்டா, காணிக்கை பத்தி பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதுல முக்கால்வாசி இந்த வழியைக் காட்டுறதுதான், காசு யார் கையில இருந்து யார் கைக்குப் போகுது, எந்த ஊர்ல போய் என்னவா மாறுதுன்னு. ஆண்டவருக்குத்தான் கொடுக்கிறோம், அது உண்மை, அதைச் சொல்லத்தான் வேணும், ஆனா அதோட நிறுத்தினா பிள்ளைக்கு மிஷனரியும் தெரியாது மிஷன் வேலையும் தெரியாது.

அதனால ஐயாகிட்டயும் ட்ரெஷரர்கிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பிள்ளைங்களை நாலு நாலு பேரா வெஸ்ட்ரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பையைக் கவுத்துக் கொட்டுறது, நோட்டு தனியா சில்லறை தனியா பிரிக்கிறது, ரெண்டு பேர் சேர்ந்து எண்றது, ஒருத்தர் எண்ணினதை இன்னொருத்தர் திரும்ப எண்றது, நோட்டுல எழுதி கையெழுத்துப் போடுறது, எல்லாத்தையும் நின்னு பாக்கட்டும். எதுக்கு ரெண்டு பேர்னு கண்டிப்பா ஒரு பிள்ளை கேக்கும். அந்தக் கேள்வி வந்தாலே பாதி பாடம் முடிஞ்சுது.

அடுத்த வாரம் வகுப்புல 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை எடுங்க, யோவாஸ் ராஜாவோட பெட்டி. சண்டே ஸ்கூல் பாடத்துல யோவாஸை ஏழு வயசுல ராஜாவானவன்னு சொல்லிட்டு விட்டுடறோம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா காணிக்கை பத்தி பிள்ளைங்களுக்குச் சொல்ல பைபிள்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆலயத்தைப் பழுது பாக்க ஜனங்க பணம் கொடுக்கிறாங்க, அது ஆசாரியர்கள் கைக்குப் போகுது, ஆனா ராஜாவோட 23ஆம் வருஷம் வரைக்கும் பழுது பாக்கவே இல்ல. அப்ப ராஜா கூப்பிட்டுக் கேக்கிறாரு, ஏன் பாக்கலைன்னு. அப்புறம் யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து மூடியில ஓட்டை போட்டு பலிபீடத்துக்குப் பக்கத்துல வைக்கிறார், பெட்டி நிறைஞ்சதும் ராஜாவோட கணக்கரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்றாங்க, எண்ணின பணம் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கல்தச்சருக்கும் மரம் வாங்கவும் கல் வாங்கவும் போகுது. போட்ட காசு எங்க போச்சுன்னு அந்த அதிகாரத்துல வரிசையா எழுதியே வச்சிருக்கு. ஒரு அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு இதை அப்படியே நடிச்சுக் காட்டலாம், ஒரு பிள்ளை கணக்கர், ஒரு பிள்ளை ஆசாரியன், ஒரு பிள்ளை கொத்தனார். காசுக்குக் கணக்கு கேக்கிறது தப்பில்ல, ராஜாவே கேட்டிருக்காருங்கிறதும் சேர்ந்து மனசுல நிக்கும்.

பெரிய பிள்ளைங்களுக்கு பைபிள்ல பிலிப்பியர் நிருபத்துல வர்ற பிலிப்பி ஊர்ச் சபையைச் சொல்லுங்க. அப்போஸ்தலன் பவுல் காவல்ல இருக்கிறப்ப பிலிப்பியில இருந்த சபை அவருக்கு உதவி அனுப்புறாங்க, அதைக் கையில எடுத்துட்டுப் போனவர் பேர் எப்பாப்பிரோதீத்து. அவர் சாகக் கிடக்கிற அளவுக்கு வியாதிப்பட்டார்னு இரண்டாம் அதிகாரத்துலயும், அவர் கொண்டுவந்ததை வாங்கிக்கிட்டேன்னு நாலாம் அதிகாரத்துலயும் பவுல் எழுதறார். பாருங்க, கொடுத்தவங்க, சுமந்துட்டுப் போனவர், வாங்கினவர், வாங்கினேன்னு பதில் எழுதினது, எல்லாம் அந்தச் சின்ன நிருபத்துக்குள்ளயே இருக்கு.

இப்ப உங்க சபையோட காசுக்கு வருவோம். இதுல உண்மையைச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை பையில விழறது எல்லாமே மிஷனரிக்குப் போறதில்ல. கரண்ட் பில், மணியடிக்கிறவர் சம்பளம், ஐயா சம்பளத்துக்காக டயோசிஸுக்கு, அதாவது பிஷப்போட திருமண்டலத்துக்கு, கட்டுறது, ஏழைங்களுக்குக் கொடுக்கிறது இப்படிப் போகும். மிஷனரி காணிக்கைன்னு தனியா எடுக்கிறதுதான் மிஷனுக்குப் போகும், சில சபையில பொதுக் காணிக்கையில இருந்தும் ஒரு பங்கு ஒதுக்குவாங்க, இடத்துக்கு இடம் மாறும், உங்க ட்ரெஷரர்கிட்டயே கேட்டு ஒரு சார்ட்ல எழுதிடுங்க. பிள்ளைங்ககிட்ட எல்லாமே மிஷனரிக்குத்தான்னு சொல்லி வச்சா, பெருசானப்புறம் அவங்களே கமிட்டியில உட்காருவாங்க, அன்னைக்கு சண்டே ஸ்கூல்ல பொய் சொல்லிட்டாங்கன்னு நினைப்பாங்க.

மிஷனுக்குப் போன காசு அங்க என்ன ஆகுது? இந்த இடத்துலதான் நாம "சுவிசேஷம் அறிவிக்கப்படுது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறோம், பிள்ளைக்கு ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மிஷனரி குடும்பத்தோட ஒரு மாசத்தைச் சொல்லுங்க. ராஜ்மகால் மலையில, ஜார்கண்ட்ல, மால்தோங்கிற மலைவாழ் ஜனங்க நடுவுல நம்ம தமிழ் மிஷனரிங்க வேலை செய்றாங்க. திருநெல்வேலியில இருந்து போய்ச் சேர ரயில்ல ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்கு டிக்கெட். அங்க போய் வீட்டு வாடகை, அரிசி பருப்பு, மலை ஏறி இறங்க வண்டிக்குப் பெட்ரோல், புதுசா ஒரு பாஷையைப் படிக்கிற காலம் முழுக்கச் சாப்பாடு, மிஷனரியோட பிள்ளைங்க எங்கயோ ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஃபீஸ். மலேரியாவும் காலா அசாரும் உள்ள ஊரு அது, காலா அசார் மணல் ஈ கடிச்சு வர்ற காய்ச்சல், கவனிக்காம விட்டா ஆளைக் கொன்னுடும், அதுக்கு மருந்தும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற செலவும் இருக்கு. இப்படிச் சொல்லிட்டு கணக்குப் போடச் சொல்லுங்க. இருபது பிள்ளை, ஆளுக்குப் பத்து ரூபா, வாரம் 200, மாசம் 800, அது கிட்டத்தட்ட ஒரு காஸ் சிலிண்டர். "அந்த வீட்டுல இந்த மாசம் அடுப்பு எரியறதுல நம்ம கிளாஸுக்குப் பங்கு இருக்கு"ன்னு சொன்னா ஏழு வயசுப் பையனுக்கு நல்லாவே புரியும். நீங்க எந்த மிஷனைத் தாங்குறீங்களோ அவங்க நியூஸ் லெட்டர் வரும், அதுல இருந்தே இந்த விவரத்தை எடுக்கலாம்.

காசு யாரோடதுங்கிறது அடுத்த விஷயம். கோயில் வாசல்ல அப்பா பாக்கெட்ல இருந்து பத்து ரூபா எடுத்து பிள்ளை கையில கொடுக்கிறார், பிள்ளை உள்ள போய்ப் போடுது. கொடுத்தது அப்பா, பிள்ளை இல்ல. மூணு நாலு வயசுக்கு அது சரி, கைப்பழக்கம் வரணும். அதுக்கு மேல பிள்ளையோட சொந்தக் காசுல இருந்து ஒரு துளியாவது வரணும், பொறந்தநாளுக்குத் தாத்தா கொடுத்தது, கிறிஸ்துமஸுக்கு மாமா கொடுத்தது, தின்பண்டத்துக்குன்னு கையில இருக்கிறது. ரெண்டு ரூபான்னாலும் அது வேற. இரட்சணிய சேனைங்கிற (சால்வேஷன் ஆர்மி) சபையில செல்ஃப் டினையல் காணிக்கை, அதாவது தனக்குன்னு உள்ள ஒண்ணை விட்டு அந்தக் காசைக் கொடுக்கிற காணிக்கை, எப்படி வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. 1886ல லண்டன்ல ஒரு கூட்டத்துல மிஷன் வேலைக்காகப் பணம் கேக்கிறாங்க, ஜான் கார்ல்டன்னு ஒரு மேஜர், அவர்கிட்ட கொடுக்கக் காசு இல்ல, தினமும் சாப்பாட்டோட திங்கிற புட்டிங்கை ஒரு வருஷம் விட்டுட்டா 50 ஷில்லிங் மிச்சமாகும், அதைத் தர்றேன்னு எழுதிக் கொடுத்தார். அதுல இருந்துதான் வருஷாவருஷம் சேனை முழுக்க அந்தக் காணிக்கை எடுக்கிற வழக்கம் வந்துச்சு. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து காலத்துல இந்தக் கதையைச் சொல்லி, நீ எதை விடுவேன்னு கேட்டுப் பாருங்க, ஐஸ்க்ரீம்னும் சிப்ஸ்னும் பிள்ளைங்களே சொல்லும். விட்டது எவ்வளவு மிச்சமாச்சோ அதை மட்டும் உண்டியல்ல போடட்டும், அம்மா நடுவுல புகுந்து காசு சேர்த்துப் போடக்கூடாது.

இதுல இப்ப புதுசா ஒரு சிக்கல் வந்திருக்கு, யாரும் பெருசா பேசறதில்ல. அப்பா அம்மா எல்லாம் ஜிபே பண்றாங்க, கோயில் சுவத்துலயே க்யூஆர் ஒட்டியிருக்கு, இல்லைன்னா மாசம் பொறந்ததும் தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, பேங்க்ல இருந்து தானா போயிடுது. நல்லதுதான், கணக்கும் சுத்தமா இருக்கும். ஆனா பக்கத்துல நிக்கிற பிள்ளை என்ன பாக்குது, பை வருது, அப்பா தொடாம அடுத்த ஆளுக்குத் தள்ளி விடறார். அந்தப் பிள்ளை வருஷக்கணக்கா அப்பா கொடுத்து ஒரு நாளும் பார்த்திருக்காது. அதனால பெத்தவங்ககிட்ட சொல்லுங்க, மாசம் ஒரு தடவை பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு போனைக் காட்டி, இது கோயிலுக்கு, இது மிஷனரிக்கு, இதுக்கு ரசீது வந்திருக்கு பாருன்னு காட்டி, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு அனுப்பச் சொல்லி.

காசே இல்லாத பிள்ளையும் உங்க கிளாஸ்ல இருக்கும். அதுக்காக நான் ரொம்பக் கண்டிப்பா ஒண்ணு சொல்றேன், யார் எவ்வளவு போட்டாங்கன்னு பேர் எழுதி போர்டுல ஒட்டாதீங்க, கூடுதலா சேர்த்த பிள்ளைக்குப் பரிசும் கொடுக்காதீங்க. மாற்கு 12ல ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிர்ல உட்கார்ந்து பாத்துட்டு ரெண்டே காசு போட்ட ஏழை விதவையைக் காட்டினாருங்கிறதை ஒரு வாரம் கதையா சொல்லிட்டு அடுத்த வாரம் நாமளே 500 ரூபா போட்ட பிள்ளைக்கு ஷீல்டு கொடுத்தா, பிள்ளை நம்புறது ஷீல்டைத்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கவர் கொடுங்க, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்.

காசு மட்டும்தான் காணிக்கைன்னு நம்ம சபைகள் ஒரு காலத்துலயும் நினைச்சதில்ல. நம்ம பாட்டிமார் சோறு பொங்கறப்ப கைப்பிடி அரிசி எடுத்து வச்ச வழக்கம் உங்க ஊர்லயும் இருந்திருக்கும். மிசோரம்ல இன்னைக்கும் அது ஓடிட்டு இருக்கு, பூஃபாய் தாம்னு பேர், 1910 வாக்குல பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஆரம்பிச்சது. ஒவ்வொரு தடவை சமைக்கிறப்பவும் ஒரு பிடி அரிசியைத் தனியா ஒரு பாத்திரத்துல போட்டு வைப்பாங்க, சபைப் பெண்கள் வீடு வீடா வந்து வாங்கி, சேர்த்து வித்து, மிஷன் வேலைக்கும் வேதாகம ஸ்திரீகளை, அதாவது வீடு வீடாப் போய் பைபிள் சொல்லித்தர்ற பெண்களை, தாங்குறதுக்கும் கொடுத்தாங்க. அரிசி இல்லாத வீடு கிடையாது, அதனால கொடுக்க முடியாத வீடும் கிடையாது. நம்ம பக்கம் அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கே, அதுக்குப் பிள்ளைங்க தானா வளர்த்த செடியில இருந்து நாலு முருங்கைக்காயோ வீட்டுக் கோழி போட்ட முட்டையோ கொண்டுவரட்டும், ஏலம் போனப்புறம் அந்தத் தொகை எங்க போகுதுன்னு ஐயாவையே வந்து சொல்லச் சொல்லுங்க.

பிள்ளைங்க காசால பெரிய வேலை நடந்ததும் உண்டு. ஜான் வில்லியம்ஸ்ங்கிற மிஷனரி 1839ல பசிபிக் தீவுல கொல்லப்பட்டார். அவர் லண்டன் மிஷன் சங்கத்துக்காரர், நம்ம மயிலாடிக்கும் நாகர்கோவிலுக்கும் ஆள் அனுப்பினாங்களே அதே சங்கம். அந்தத் தீவுகளுக்குப் போக ஒரு கப்பல் வேணும்னு சொன்னப்ப பிரிட்டன்ல சண்டே ஸ்கூல் பிள்ளைங்க சில்லறை சேர்த்து 6,000 பவுண்டுக்கு மேல கொடுத்தாங்க, 1844ல அவர் பேரையே வச்சு கப்பல் ஓடுச்சு. அமெரிக்காவுலயும் 1856ல மார்னிங் ஸ்டார்னு ஒரு கப்பலுக்கு சண்டே ஸ்கூல் பிள்ளைங்க ஆளுக்குப் பத்து சென்ட் பங்கு வாங்கினாங்க. பையன்களுக்கு இந்தக் கப்பல் கதை ரொம்பப் பிடிக்கும்.

இப்ப அந்தப் பதினொரு வயசுப் பொண்ணு. "நம்ம ஊர்லயே ஏழைங்க இருக்காங்களே." அவ சரியாத்தான் கேக்கறா, அவ வாயை அடைச்சுடாதீங்க. பக்கத்துத் தெருவுக்குச் செய்யாம தூரத்துக்கு மட்டும் அனுப்பினா அது கோணல்தான், அதை ஒத்துக்கோங்க, அந்த வாரமே கிளாஸோட சேர்ந்து ஊருக்குள்ள ஏதாவது ஒண்ணு செய்யுங்க. அதுக்கப்புறம் அவளுக்கு சாரா டக்கர் கதையைச் சொல்லுங்க. பாளையங்கோட்டை சாரா டக்கர் காலேஜ்னா எல்லாருக்கும் தெரியும், யார் அந்த சாரா டக்கர்னு கேட்டா நிறையப் பேருக்குத் தெரியாது. அந்த அம்மா இந்தியாவுக்கு ஒரு நாள்கூட வந்ததில்ல. உடம்பு முடியாத இங்கிலாந்துப் பொண்ணு, அவங்க அண்ணன் ஜான் டக்கர் சென்னையில மிஷனரி, அவர் மூலமா திருநெல்வேலிப் பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் படிப்பு இல்லைன்னு கேள்விப்பட்டு, இருந்த இடத்துல இருந்தே சிநேகிதிங்களோட சேர்ந்து பணம் சேர்த்து அனுப்பினாங்க. 1857ல இறந்துட்டாங்க, அப்புறம் சிநேகிதிங்க அவங்க ஞாபகமா இன்னும் சேர்த்து அனுப்பி ஒரு ஸ்தாபனம் எழும்புச்சு, அது 1895ல காலேஜா வளர்ந்துச்சு. அன்னைக்கு அவங்க ஊர்லயும் ஏழைங்க நிறையத்தான் இருந்திருப்பாங்க. அவங்க "இங்கயே பாத்துக்கலாம்"னு விட்டிருந்தா நம்ம பாட்டிமாருக்கு எழுத்து எப்ப கிடைச்சிருக்கும்னு அந்தப் பொண்ணே யோசிக்கட்டும், பதிலை நீங்க சொல்ல வேண்டாம்.

வாங்கினவங்க எப்பக் கொடுக்கிறவங்களா மாறினாங்கங்கிறதையும் அவளுக்குச் சொல்லணும். வெள்ளாளன்விளை அசரியா, சபைகுருவோட மகன், 1902ல யாழ்ப்பாணம் போறார், அங்க உள்ள தமிழ்க் கிறிஸ்தவங்க தங்கள் சொந்தக் காசுல மிஷன் வேலை செய்றதைப் பாக்குறார், நம்ம திருநெல்வேலி சபை இவ்வளவு பெருசா இருந்தும் ஏன் செய்யலைன்னு மனசுல குத்துது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில ஆரம்பிக்குது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்ம ஆட்கள், நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு. அடுத்த வருஷமே நிஜாம் ராஜ்யத்துல இருந்த டோர்னக்கலுக்கு, இப்ப அது தெலங்கானா, ஆள் அனுப்புறாங்க, தமிழ் பேசறவங்க தெலுங்கு படிச்சு வேலை செய்றாங்க. அசரியாவே 1909ல அங்க மிஷனரியா போனார், 1912 டிசம்பர் 29ல இந்தியாவோட முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பா ஆனார். இதுக்கெல்லாம் காசு எங்க இருந்து வந்துச்சு? பனையேறுற குடும்பங்களும் வயல் வேலைக்குப் போன குடும்பங்களும் நிறைஞ்சிருந்த நம்ம திருநெல்வேலி சபைகள்ல இருந்துதான். இதை நான் ரொம்பப் பெருமையோட சொல்லுவேன், பிள்ளைங்களுக்கும் அந்தப் பெருமை வரணும்.

ஸ்கூல்ல கூடப் படிக்கிற பிள்ளை "நீங்க காசு கொடுத்து ஆள் மாத்துறீங்களாமே"ன்னு கேக்கும், இன்னைக்கு இது கண்டிப்பா நடக்கும். நம்ம பிள்ளை கோபப்படாம பதில் சொல்லத் தெரிஞ்சிருக்கணும். எங்க காசு வேலை செய்றவரோட சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகுது, யாரையும் விலைக்கு வாங்க இல்ல, கேக்கிறதும் விடறதும் அவங்கவங்க இஷ்டம்னு. மருந்துக்கு வந்தவங்ககிட்ட எந்தச் சாமியைக் கும்பிடறேன்னு கேட்டுக் கொடுக்கிறது தப்புங்கிறதையும் வகுப்புலயே நேராச் சொல்லிடுங்க. அதே மாதிரி அந்த ஊர் ஜனங்களை அழுக்கா, பாவமா, இருட்டுல கிடக்கிறவங்களா படம் போட்டுக் காட்டி பிள்ளைங்களை அழ வச்சு காசு வாங்காதீங்க. அவங்களுக்கும் பாட்டு இருக்கு, பண்டிகை இருக்கு, நல்ல சமையல் இருக்கு, அதையும் காட்டுங்க. மிஷனரி போட்டோவை, ஊர்ப் பேரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடறதையும் நிறுத்திடுங்க, சில மாநிலத்துல அது அவங்களுக்கே தொந்தரவா முடியும்.

இன்னொண்ணு, பத்து ரூபா போட்டா ஆண்டவர் ஆயிரமாத் திருப்பித் தருவார்னு பிள்ளைங்களுக்குத் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. பரீட்சைக்கு முன்னாடி காசு போட்டு, மார்க் குறைஞ்சதும் "நான் போட்டேனே"ன்னு அழற பிள்ளைகளைப் பாத்திருக்கேன். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்னு 2 கொரிந்தியர் 9:7 இருக்கு, அந்த வசனம் ஒண்ணு போதும். உற்சாகம் வரலைன்னா அந்த வாரம் போட வேண்டாம்னும் சொல்லுங்க, கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அதே வசனம்தான் சொல்லுது.

கடைசியா, மிஷனரி லீவுல ஊருக்கு வர்றப்ப அவரை மேடையில ஏத்தி பிரசங்கம் பண்ண வச்சு அனுப்பிடறோம். அரை மணி நேரம் சண்டே ஸ்கூலுக்குக் கேட்டு வாங்குங்க. பாய் விரிச்சு பிள்ளைங்க நடுவுல உட்கார வச்சு, பிள்ளைங்களையே கேக்க விடுங்க, நீங்க அங்க என்ன சாப்பிடுவீங்க, பாம்பு வருமா, உங்க பாப்பா எந்த பாஷை பேசும், நாங்க அனுப்பின காசுல என்ன வாங்கினீங்கன்னு. மூணு வருஷமா யாரும் சுவிசேஷத்தைக் காது கொடுத்துக் கேக்கலை, வேலை ஒண்ணும் நடக்கலைன்னு அவர் சொன்னாலும் நடுவுல மறிச்சு மழுப்பாம அதையும் கேக்க விடுங்க, அதுக்கப்புறம் அவருக்காக அந்தப் பிள்ளைங்களையே ஜெபம் பண்ணச் சொல்லுங்க. அவர் ஊருக்குத் திரும்பிப் போனதும் பிள்ளைங்க கையால ஒரு கடுதாசி எழுதி அனுப்புங்க, பதில் வந்தா வகுப்புல வாசிச்சுட்டு அந்த யோவாஸ் பெட்டிக்குப் பக்கத்துலயே ஒட்டி வைங்க.